வேலைநிறுத்தம் வானிலை அல்ல

2019 ஏப்ரல் 29 அன்று சுவீடனின் தெற்கு மூலையிலுள்ள மால்மோவிலிருந்து தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் போகவேண்டிய எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனத்தின் விமானம் ரத்தானது. அந்நிறுவனத்தின் விமானிகள் ஏப்ரல் 26 முதல் நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளிலும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த விமானத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்த ஒருவர், தனக்குச் சேரவேண்டிய 250 யூரோ இழப்பீட்டைக் கோரும் உரிமையை ஏர்ஹெல்ப் என்ற நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். பயணிகளுக்காக இழப்பீட்டை வசூலித்துத் தந்து அதில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்வது ஏர்ஹெல்ப்பின் தொழில். எஸ்.ஏ.எஸ். பணம் தர மறுத்தது. அட்டுண்டா மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது.

250 யூரோ வழக்கை அந்த நீதிமன்றம் தன் பேரமர்வில் விசாரித்தது. அதற்குக் காரணம் இருந்தது. ஏழு நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில் 4,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஏறத்தாழ 3,80,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் இழப்பீடு தரவேண்டி வந்தால் சுமார் 11.7 கோடி யூரோ ஆகும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

ஒரு விமான நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினால், அது புயலைப்போல நிறுவனத்தின் கைமீறிய நிகழ்வா? வழக்கின் மையக் கேள்வி இதுதான். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இதற்குத் தெளிவான விடை கிடைக்க ஐரோப்பாவில் பதினாறு ஆண்டுகள் ஆயின. இந்தியாவின் விதியோ இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. கைமீறிய நிகழ்வு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குமுறை 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானம் ரத்தானால் பயணி கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது மாற்று விமானத்தில் போகலாம். காத்திருக்கும் நேரத்துக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் நிறுவனத்தின் செலவு. இவை போக, ஒரு நிலையான தொகை இழப்பீடாகவும் உண்டு. 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேற்பட்ட தூரத்துக்கும், பிற பயணங்களில் 3,500 கிலோமீட்டர் வரைக்கும் 400 யூரோ. அதற்கும் மேலே 600 யூரோ. பயணச்சீட்டு முப்பது யூரோவுக்கு வாங்கியதா முந்நூறுக்கு வாங்கியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. இழந்த நேரத்துக்கும் அலைக்கழிப்புக்கும்தான் அந்தத் தொகை. கட்டணத்தோடு அதற்குத் தொடர்பில்லை. பதினான்கு நாள்களுக்கு முன்பே ரத்தை அறிவித்துவிட்டால் இழப்பீடு கிடையாது. காண்டோர், ஏர் பிரான்ஸ் நிறுவனங்கள் மீதான வழக்கில் 2009இல் வந்த தீர்ப்பு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சென்று சேர்ந்தவர்களுக்கும் இதே தொகையை உரித்தாக்கியது.

முன்கூட்டியே அறிவிக்காத நிறுவனம் இழப்பீட்டிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. ரத்துக்குக் காரணம் ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்றும், நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்திருந்தாலும் அதைத் தவிர்த்திருக்க முடியாது என்றும் அது நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, பயணியுடையது அல்ல. அசாதாரணச் சூழ்நிலை எது என்று சட்டத்தின் பிரிவுகள் வரையறுக்கவில்லை. முகவுரையின் 14ஆம் பத்தி மட்டும் சில எடுத்துக்காட்டுகளைத் தருகிறது: அரசியல் நிலையின்மை, பறக்க ஒவ்வாத வானிலை, பாதுகாப்பு ஆபத்துகள், எதிர்பாராத பாதுகாப்புக் குறைபாடுகள், கடைசியாக, விமான நிறுவனத்தின் இயக்கத்தைப் பாதிக்கும் வேலைநிறுத்தங்கள்.

அந்தக் கடைசிச் சொற்களைத்தான் நிறுவனங்கள் பல ஆண்டுகள் கேடயமாக வைத்திருந்தன. வேலைநிறுத்தம் என்று சட்டமே சொல்கிறது, பிறகென்ன வழக்கு என்பது அவற்றின் நிலை. நீதிமன்றங்களும் ஓரளவு இதற்கு இசைந்தன. 2010 பிப்ரவரியில் லுஃப்தான்சா விமானிகளை ஃபெராய்னிகுங் காக்பிட் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. அதனால் எழுந்த வழக்குகளில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஊதிய ஒப்பந்தத்துக்காகச் சங்கம் அறிவிக்கும் வேலைநிறுத்தம் அசாதாரணச் சூழ்நிலை ஆகலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

ஆனால் அதற்கு முன்பே லக்சம்பர்க்கில் வேறொரு அளவுகோல் உருவாகியிருந்தது. 2008 டிசம்பரில் தீர்ப்பான அலிட்டாலியா மீதான வழக்கு அது. எஞ்சினின் டர்பைனில் கோளாறு என்று சொல்லி விமானத்தை ரத்துசெய்திருந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணம் இல்லையா என்று கேட்டது நிறுவனம். நீதிமன்றம் இரண்டு கேள்விகளை முன்வைத்தது. ஒன்று, அந்த நிகழ்வு விமான நிறுவனத்தின் வழக்கமான தொழிலோடு ஒட்டிப் பிறந்ததா? இரண்டு, அது நிறுவனத்தின் உண்மையான கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதா? வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்கவேண்டும், கட்டுப்பாட்டுக்கும் வெளியே இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. விமானத்தை இயக்குகிறவருக்குப் பழுது வருவது அன்றாடம் என்பதால் அலிட்டாலியா தோற்றது.

பழுதுக்குப் பொருந்தும் இந்த இரண்டு கேள்விகளை வேலைநிறுத்தத்துக்கும் பொருத்திப் பார்க்க ஒரு விசித்திரமான சம்பவம் வாய்ப்பளித்தது.

2016 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் டூயிஃப்ளை விமான நிறுவனத்தின் நிர்வாகம், நிறுவனத்தை மறுசீரமைக்கப்போவதாகத் தன் பணியாளர்களிடம் முன்னறிவிப்பின்றிச் சொன்னது. மறுநாளிலிருந்து பணியாளர்கள் ‘உடம்பு சரியில்லை’ என்று விடுப்பெடுக்கத் தொடங்கினார்கள். வழக்கமாகப் பத்து சதவீத அளவில் இருக்கும் மருத்துவ விடுப்பு, அக்டோபர் முதல் பத்து நாள்களில் விமானிகளிடையே 89 சதவீதம் வரையிலும் கேபின் பணியாளர்களிடையே 62 சதவீதம் வரையிலும் ஏறியது. எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. நோட்டீஸ் இல்லை, கோரிக்கைப் பட்டியல் இல்லை. பணியாளர்கள் தமக்குள் செய்தி பரப்பிக்கொண்டு ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள். அக்டோபர் 7 மாலை, பணியாளர் பிரதிநிதிகளோடு உடன்பாடு எட்டப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது.

இதைவிட எதிர்பாராத வேலைநிறுத்தம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். 2018 ஏப்ரல் 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. மறுசீரமைப்பு என்பது எந்த நிறுவனமும் அவ்வப்போது செய்யும் நிர்வாக நடவடிக்கை. அதைச் செய்யும்போது பணியாளர்களோடு முரண்பாடு வருவதும் அதே தொழிலின் பகுதி. நிர்வாகத்தின் அறிவிப்பிலிருந்து பிறந்து, நிர்வாகத்தின் உடன்பாட்டோடு முடிந்த ஒன்றை நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று சொல்ல முடியாது. வேலைநிறுத்தம் சட்டப்படி நடந்ததா, சட்டத்துக்குப் புறம்பாக நடந்ததா என்பது பயணியின் உரிமையைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. வேலைநிறுத்தச் சட்டம் ஒன்றியத்தின் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம். அதை அளவுகோலாக வைத்தால் ஒரே பாதிப்புக்கு ஒரு நாட்டில் இழப்பீடும் பக்கத்து நாட்டில் வெறுங்கையும் கிடைக்கும்.

எஸ்.ஏ.எஸ். வழக்கு இதற்கு நேர் எதிரான முனையிலிருந்து வந்தது. இங்கே எல்லாம் முறைப்படி நடந்தது. 2020 வரை நீடிக்கவேண்டிய கூட்டு ஒப்பந்தத்தை விமானிகள் சங்கங்கள் 2018 கோடையிலேயே முறித்துக்கொண்டன. 2019 மார்ச்சில் பேச்சுவார்த்தை தொடங்கியது. மத்தியஸ்தர்கள் முயன்றார்கள், பலனில்லை. சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வேலைநிறுத்தம் நடந்தது. மே 2 அன்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: 2019க்கு 3.5 சதவீதம், 2020க்கு 3 சதவீதம், 2021க்கு 4 சதவீத ஊதிய உயர்வு.

நிறுவனத்தின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. அதில் சத்து இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தை என்பது இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் அழுத்திப் பார்க்கும் இடம். வேலைநிறுத்தத்தால் பணியாளர் சம்பளத்தை இழக்கிறார். நிறுவனம் வருமானத்தை இழக்கிறது. இந்தச் சமநிலையில் மூன்றாவதாக ஒரு எடையை, அதாவது கோடிக்கணக்கான யூரோ இழப்பீட்டை, நிறுவனத்தின் தட்டில் மட்டும் வைத்தால் சங்கத்தின் கை ஓங்கிவிடும். சங்கம் என்ன கேட்டாலும் கொடுக்கவேண்டி வரும். நீதிமன்றத்துக்குச் சட்டக் கருத்துரை வழங்கும் தலைமை வழக்குரைஞரும் 2020 டிசம்பரில் ஏறத்தாழ இந்தப் பக்கமே சாய்ந்திருந்தார். வேலைநிறுத்த உரிமை பணியாளர்களுடையது. அதைப் பயன்படுத்துவதா இல்லையா என்பது நிறுவனத்தின் கையில் இல்லை என்பது அவரது பார்வை.

2021 மார்ச் 23 அன்று பேரமர்வு அந்தக் கருத்தை ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் என்பது கூட்டுப் பேரத்தின் ஒரு வடிவம். ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் எவரும் அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். நோட்டீஸ் கொடுக்கப்பட்டதால் தயாராகவும் அவகாசம் இருந்தது. சம்பளம், வேலை நேரம் போன்றவை நிறுவனத்துக்குள்ளேயே தீரும் விஷயங்கள். ஆகவே இது உள்விவகாரம். நிறுவனத்துக்குப் பேரம் பேசும் உரிமையும் தொழில் செய்யும் சுதந்திரமும் உண்டு என்றாலும், பயணிகளுக்கு உயர்ந்த பாதுகாப்பு என்ற சட்டத்தின் நோக்கத்தை அவை விழுங்கிவிட முடியாது.

அதே ஆண்டு அக்டோபரில் யூரோவிங்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. தாய் நிறுவனமான லுஃப்தான்சாவின் பணியாளர்களுக்கு ஆதரவாக யூரோவிங்ஸ் கேபின் பணியாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். காலையில் சில மணி நேரம் என்று அறிவித்தது நள்ளிரவு வரை நீட்டிக்கப்பட்டது. குழுமத்தின் கொள்கை ஒன்றாக இருக்கும்போது, குழுமத்துக்குள் ஓரிடத்தில் வரும் பிணக்கு இன்னோரிடத்தில் வெடிப்பதையும் எதிர்பார்க்கலாம் என்று சொல்லி, அதையும் நீதிமன்றம் உள்விவகாரமாகவே பார்த்தது.

சங்கத்தின் கை ஓங்கிவிடும் என்ற வாதத்துக்கு என் பதில் இது. வேலைநிறுத்தத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். இழப்பீடு இல்லையென்றால் அந்த விலை மறைந்துவிடுவதில்லை. பேச்சுவார்த்தை மேசையில் இடமே இல்லாத பயணியின் தலையில் இறங்குகிறது. தங்கையின் கல்யாணத்துக்குப் போகமுடியாதவரும், நேர்முகத் தேர்வைத் தவறவிட்டவரும் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். இழப்பீடு உண்டென்றால், ரத்தாகும் ஒவ்வொரு விமானத்துக்கும் என்ன செலவு என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். 3.5 சதவீத உயர்வை ஏழாம் நாள் கொடுக்க முடிந்த நிறுவனம் முதல் நாளுக்கு முன்பே கொடுத்திருக்கலாமா என்ற கணக்கை அது போட்டுப் பார்க்க நேரிடும்.

இதில் பணியாளருக்கும் ஒரு நன்மை இருக்கிறது. அதிகம் பேசப்படாத நன்மை. “உங்களுக்கு எதுவும் தரமுடியாது, வேலைநிறுத்தம் நடக்கிறது” என்று கவுன்ட்டரில் சொல்லும்போது பயணியின் கோபம் நேராகப் பணியாளர்மீது திரும்புகிறது. சம்பளம் போதவில்லை என்று போராடுகிறவரும் பிழைப்புக்காகப் பயணம் போகிறவரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கிறார்கள். இழப்பீடு உறுதி என்றால் அந்தக் கோபத்துக்கு வேலையில்லை. வேலைநிறுத்த உரிமையை மதிக்கிற யாரும் பயணியின் இழப்பீட்டு உரிமையையும் ஆதரிக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

எல்லா வேலைநிறுத்தமும் உள்விவகாரம் அல்ல. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோ விமான நிலையப் பணியாளர்களோ வேலையை நிறுத்தினால் அது விமான நிறுவனத்துக்கு வெளியே நடப்பது. அரசாங்கம் மட்டுமே நிறைவேற்றக்கூடிய கோரிக்கைக்காக நடக்கும் வேலைநிறுத்தமும் அப்படியே. எஸ்.ஏ.எஸ். தீர்ப்பே இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியது. நடைமுறையில் ஐரோப்பாவின் பெரிய இடைஞ்சல்களில் ஒன்று இந்த வகை. பிரான்ஸின் கட்டுப்பாட்டாளர்கள் வேலையை நிறுத்தினால் பாரிஸ் விமானங்களோடு நிற்பதில்லை. பிரெஞ்சு வான்வெளியைக் கடந்துபோகவேண்டிய லண்டன்–பார்சிலோனா விமானமும் மாட்டிக்கொள்கிறது. 2025 ஜூலை 3, 4 தேதிகளில், கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில், அப்படித்தான் நடந்தது. பிரெஞ்சு விமானப் போக்குவரத்து ஆணையம் இத்தனை சதவீத விமானங்களைக் குறையுங்கள் என்று உத்தரவிடும். எந்த விமானத்தை விடுவது, எதை ரத்துசெய்வது என்பதை நிறுவனங்கள் தாமே முடிவு செய்யும். இந்த ரத்துகளுக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது.

ஆனால் வெளி ஆட்களின் வேலைநிறுத்தம் என்று சொன்னதோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. 2015 பிப்ரவரியில் ஹாம்பர்க் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சோதனை வரிசை நீண்டுகொண்டே போனது. கேனரித் தீவுகளிலுள்ள லான்சரோட்டேவுக்குப் போகவேண்டிய விமானம் பயணிகளை ஏற்றாமல் காலியாகவே பறந்துபோனது. பயணிகள் எவரும் சோதனையைத் தாண்டி வரமுடியாது, அவசரத்தில் சோதனையும் சரியாக நடந்திருக்காது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் அதை ஏற்கவில்லை. விமானம் பறக்கத் தகுதியாக நின்றது. வந்துசேரக்கூடிய பயணிகளை ஏற்றிக்கொண்டு போவதற்குத் தடையாக எதுவும் இருந்ததாக நிறுவனம் காட்டவில்லை. சோதனையின் தரத்தை முடிவுசெய்வது அதிகாரிகளின் வேலை. விமான நிறுவனத்தின் வேலை அல்ல. காலியாகப் பறந்த விமானத்துக்கு இழப்பீடு கொடுக்கவேண்டி வந்தது.

ஃபின்னேர் வழக்கும் இதே இழையில் வருவது. 2006 ஜூலையில் பார்சிலோனா விமான நிலையத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அன்று காத்துக்கிடந்தவர்களை ஏற்றுவதற்காக, இரண்டு நாள் கழித்துப் போகவேண்டிய பயணிகளை ஃபின்னேர் இறக்கிவிட்டது. வேலைநிறுத்தம் அசாதாரணமாக இருந்திருக்கலாம்; இரண்டு நாள் கழித்து இருக்கையை மறுத்தது நிறுவனத்தின் சொந்த முடிவு என்று 2012இல் தீர்ப்பு வந்தது. டி.ஏ.பி. விமான நிறுவனத்தின் மீதான வழக்கில் 2020இல் இன்னொன்றும் தெளிவாயிற்று: மாற்று விமானம் தேடும்போது தன் சொந்த விமானங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பிற நிறுவனங்களின் விமானங்களையும் பார்த்தால்தான், நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் சொல்லிக்கொள்ள முடியும்.

உணவு, தங்கும் இடம், மாற்றுப் பயணம் ஆகியவற்றுக்கு அசாதாரணச் சூழ்நிலை என்ற விலக்கே கிடையாது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலை சாம்பலைக் கக்கி ஐரோப்பாவின் வான்வெளியை மூடியபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் சிக்கிக்கொண்ட பயணி ஒருவருக்குச் சாப்பாட்டுக்கும் அறைக்கும் ரயனேர் செலவு செய்யவில்லை. இதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை, நியாயமான செலவு முழுவதையும் திருப்பித் தரவேண்டும் என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது. வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இழப்பீடு இல்லை என்ற பதிலைக் கேட்டவுடன் எதுவுமே இல்லை என்று நினைத்து, சொந்தக் காசில் அறை எடுத்து, ரசீதைக் கசக்கி எறிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரசீதுதான் அங்கே சாட்சி.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சட்டம் அன்றாட விஷயம். விதி திசையைப் பார்க்கிறது, கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. பாரிஸிலிருந்து கொழும்புக்குப் புறப்படுகிற எவரும், எந்த நாட்டு விமானமானாலும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார். தோஹாவிலோ துபாயிலோ மாறிப்போகும் ஒரே முன்பதிவு என்றால் கடைசி ஊர் வரைக்கும் அது ஒரே பயணமாகக் கணக்காகும். திரும்பி வரும்போது நிலைமை வேறு. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வருகிறவருக்கு, விமானத்தை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் உரிமை. சென்னை–ஃபிராங்ஃபர்ட் லுஃப்தான்சாவுக்கு உண்டு. வளைகுடா நிறுவனத்தின் விமானத்துக்கு இல்லை. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் இதே விதியை ஏற்றிருக்கின்றன. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் சட்டத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டது. தொகைகள் 220, 350, 520 பவுண்டு. வழக்குத் தொடரும் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் ஆறு ஆண்டு, ஜெர்மனியில் மூன்று ஆண்டு.

டொராண்டோவில் இருப்பவருக்குத் தன் நாட்டு விதியில் இந்த இழப்பீட்டு வாய்ப்பு இல்லை. கனடாவின் 2019ஆம் ஆண்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள், நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் தொழிற்பிணக்கையும் ‘நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே’ என்ற பட்டியலில் சேர்த்திருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 16 அன்று ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேபின் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். விமானம் தரையில் நிற்கும்போது செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களின் முக்கியக் குறை. விமானம் பறந்தால்தான் அப்போது கடிகாரம் ஓடியது. பயணிகளை ஏற்றுவதும், பெட்டிகளை அடுக்க உதவுவதும் கணக்கில் வரவில்லை. மூன்று நாளில் உடன்பாடு வந்தது. ஆண்டுக்கணக்கில் இருந்துவந்த ஊதிய முறை குறித்த சண்டை அது. நிறுவனத்தின் சொந்த முடிவிலிருந்து பிறந்தது. ஆனாலும் பயணிக்குக் கிடைக்கவேண்டியது மாற்று விமானம் அல்லது கட்டணம் திரும்ப என்பதோடு விதி நின்றுவிட்டது. இழப்பீடு மட்டுமல்ல, சாப்பாடும் அறையும்கூட அந்த விதியின்படி கட்டாயமில்லை.

இந்தியாவின் விதி கனடாவின் விதிக்கு நெருக்கமானது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2010 ஆகஸ்டில் முதலில் வெளியிட்டுப் பிறகு பலமுறை திருத்திய விதித்தொகுப்பு அது. உரிய காலத்தில் சொல்லாமல் விமானத்தை ரத்துசெய்தால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. இதிலும் ஒரு முடிச்சு: இந்தத் தொகையா, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததா, எது குறைவோ அதுதான் கிடைக்கும். மலிவு விலையில் சீட்டு எடுத்தவருக்கு மலிவான இழப்பீடு.

கைமீறிய நிகழ்வு என்ற விலக்கு இங்கேயும் உண்டு. அரசியல் நிலையின்மை, இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிவிபத்து, அரசு உத்தரவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் பட்டியலில், வேலையை நிறுத்தும் அல்லது மெதுவாக்கும் வேலைநிறுத்தங்களும் தொழிற்பிணக்குகளும் இடம்பெறுகின்றன. யாருடைய வேலைநிறுத்தம் என்று அந்த விதி பிரித்துப் பார்ப்பதில்லை. ஐரோப்பியச் சட்டத்தில் முகவுரையில் எடுத்துக்காட்டாக மட்டும் நின்ற சொல்லை நீதிமன்றம் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே விதியின் உடலிலேயே, வெள்ளத்துக்கும் உள்நாட்டுப் போருக்கும் பக்கத்தில், தொழிற்பிணக்கு உட்கார்ந்திருக்கிறது.

இதன் விளைவு 2024 மே மாதம் வெளிப்பட்டது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், முன்பு ஏர்ஏஷியா இந்தியா என்று அறியப்பட்ட நிறுவனத்தோடு இணைந்துகொண்டிருந்த நேரம். பணியாளர்களைச் சமமாக நடத்தவில்லை, நிர்வாகம் சரியில்லை என்று சங்கம் ஏப்ரல் மாதத்திலேயே வெளிப்படையாகப் புகார் சொல்லியிருந்தது. மே 7 இரவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கேபின் பணியாளர்கள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கொச்சி, கண்ணூர், திருவனந்தபுரம் விமான நிலையங்களில், வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்ப வந்தவர்கள் பெட்டிகளோடு நின்றார்கள். விசா காலாவதியாகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நிறுவனம் சுமார் 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் சமரசம் ஏற்பட்டு, நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகியிருந்தன. வளைகுடாவில் மருத்துவமனையில் கிடந்த கணவரைப் பார்க்கக் கிளம்பி, விமானம் ரத்தாகித் திரும்பிய ஒரு கேரளப் பெண், அவரை உயிரோடு பார்க்கவே இல்லை என்ற செய்தி சில நாள்களில் வந்தது.

டூயிஃப்ளையில் 2016இல் நடந்ததும் இதுவும் ஏறத்தாழ ஒன்றுதான். நிறுவனத்தின் மறுசீரமைப்பு அல்லது இணைப்பு, அதனால் பணியாளர்களின் மனக்குறை, கூட்டாக மருத்துவ விடுப்பு, பிறகு சில நாள்களில் உடன்பாடு. ஜெர்மனியின் பயணிக்கு இழப்பீடு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியப் பயணிக்கு முழுக் கட்டணம் திரும்ப அல்லது வேறு தேதியில் பயணம் என்று நிறுவனம் அறிவித்தது. அதற்கு மேல் இழப்பீட்டை விதி கட்டாயமாக்கவில்லை. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்தான். அதற்கு ஆவணமும் காலமும் பொறுமையும் வேண்டும். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பவேண்டிய வளைகுடாத் தொழிலாளிக்கு அந்தப் பொறுமைக்கு வழியில்லை.

சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை துணைநிற்குமே என்று சிலர் சொல்வார்கள். இந்தியா 2009இல் அதில் இணைந்தது. தாமதத்தால் வந்த நட்டத்துக்கு ஒரு வரம்புவரை நிறுவனம் பொறுப்பு. தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாகக் காட்டினால் பொறுப்பு இல்லை. ஆனால் அங்கே என்ன நட்டம், எவ்வளவு என்பதைப் பயணிதான் நிரூபிக்க வேண்டும். நிலையான தொகை என்ற ஏற்பாட்டின் அருமை இதை நினைத்தால் புரியும்: 250 யூரோவுக்கு எவரும் தன் துயரத்தை எடைபோட்டுக் காட்டத் தேவையில்லை.

ஐரோப்பியப் பயணியின் நிலையும் கல்லில் செதுக்கியது அல்ல. 2013இல் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திருத்த வரைவின் இணைப்பில், விமான நிறுவனத்துக்குள் நடக்கும் தொழிற்பிணக்கையே அசாதாரணச் சூழ்நிலையாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். அந்த வரைவு நிறைவேறியிருந்தால் டூயிஃப்ளை, எஸ்.ஏ.எஸ். தீர்ப்புகளுக்கே இடமிருந்திருக்காது. பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த அந்தத் திருத்தத்தை உறுப்பு நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள் 2025 ஜூன் 5 அன்று மீண்டும் கையில் எடுத்தார்கள். மூன்று மணி நேர வரம்பை 3,500 கிலோமீட்டர் வரை நான்கு மணி நேரமாகவும், அதற்கு மேல் ஆறு மணி நேரமாகவும் உயர்த்த அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஜெர்மனியும் ஸ்பெயினும் எதிர்த்தன. ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. நேர வரம்பைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் பேசின. அதைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டியது விலக்குகளின் பட்டியலை. அதில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதில்தான் அடுத்த வேலைநிறுத்தத்தில் சிக்கும் பயணியின் பணம் இருக்கிறது.

இந்தியாவில் செய்யவேண்டியது அதைவிட எளிது. டி.ஜி.சி.ஏ.வின் பட்டியலிலுள்ள தொழிற்பிணக்கு என்ற வரியில், விமான நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்களோடும் அதன் குழும நிறுவனங்களின் பணியாளர்களோடும் எழும் பிணக்கு இதில் அடங்காது என்று ஒரு விலக்கைச் சேர்த்தால் போதும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் பட்டியலிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். கைமீறியது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு என்ற வரியையும் கூடவே எழுதவேண்டும். நிரூபணம் இல்லாத விலக்கு வெறும் அறிவிப்பாகவே முடியும். இதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. விமான நிலையத்தில் விருப்பமில்லாமல் கீழ்வகுப்பு இருக்கைக்கு இறக்கப்பட்ட பயணிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்று 2023இல் இதே விதித்தொகுப்பை டி.ஜி.சி.ஏ. திருத்தியது. அது ஒரு துறையின் உத்தரவாகவே வந்தது.